ஃபார்மலினைக் குறைத்த எட்டு மாதங்கள்: திசு மாதிரிகளோடு ஒரு செய்முறைக் குறிப்பு

எங்கள் ஆய்வகத்தில், திசுவை அழுகாமல் வைக்கும் ஃபார்மலின் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, எலியிலிருந்து ஈரல், சிறுநீரகம், குடல் என்று எடுத்த உடனே போட்டு வைக்கும் சின்னச் சின்னக் குப்பிகள். இன்னொன்று, மாணவர்களுக்குக் காட்டுவதற்கான மாதிரி ஜாடிகள், எண்ணிப் பார்த்தால் 64. இந்த இரண்டையும் எவ்வளவு தூரம் ஃபார்மலின் இல்லாமல் ஓட்ட முடியும் என்று எட்டு மாதம் முயன்று பார்த்தேன். எது நடந்தது, எது நடக்கவில்லை, எந்த இடத்தில் ஃபார்மலினை விடவே முடியவில்லை என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு மாதமாவது மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆராய்ச்சி மாதிரிகளையும் பாட மாதிரிகளையும் பற்றியது. நோயாளியின் உடலிலிருந்து எடுத்த பயாப்ஸி துண்டை இப்படிச் சோதித்துப் பார்க்கக் கூடாது. அதற்கான சாயங்கள், குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடிகள், அளவுகோல்கள் எல்லாமே ஃபார்மலினில் போட்ட திசுவை வைத்துத்தான் சரிபார்க்கப்பட்டிருக்கின்றன, அங்கே மாற்றம் செய்வது தனி வேலை, பல பேர் சேர்ந்து செய்ய வேண்டியது.

ஆரம்பித்ததற்குக் காரணம் எங்கள் மூத்த டெக்னீஷியன் அக்கா. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஜாடிகளைக் கழுவி, நிரப்பி, லேபிள் ஒட்டி வருகிறவர். விரல் இடுக்கில் தோல் சிவந்து, வறண்டு, வெடிப்பு விட்டபடியே இருந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார். தோல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடால் வந்த ஒவ்வாமை என்றார். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் கிளம்பும், "இந்த அளவுக்குக் கீழே இருந்தால் பரவாயில்லை" என்ற கணக்கு அவருக்கு இனி உதவாது. அவர் வேலையை விடவும் முடியாது, நாங்கள் அவரை விடவும் முடியாது. அப்போ ஜாடியில் இருப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

ஃபார்மலின் என்றால் என்ன என்பதில் ஒரு சின்னக் குழப்பம் எல்லா இடத்திலும் உண்டு. ஃபார்மால்டிஹைடு ஒரு வாயு. அதை நீரில் 37 முதல் 40 சதவீதம் வரை கரைத்து வைத்தால் அது ஃபார்மலின், கட்டி தட்டாமல் இருக்க அதில் 10 முதல் 15 சதவீதம் மெத்தனாலும் சேர்த்திருப்பார்கள். அதைப் பத்து மடங்கு நீர்த்ததுதான் நாம் 10 சதவீத ஃபார்மலின் என்பது, ஆக உண்மையில் அதில் இருப்பது 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஃபார்மால்டிஹைடு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் இதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் வரிசையில் வைத்தது. காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு முகமையான ஓஷா வைத்த சட்ட வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 0.75 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு), 15 நிமிடத்துக்கு 2 பிபிஎம். அதே நாட்டின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 0.016 பிபிஎம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பாருங்கள். மூக்கை நம்பவும் முடியாது, அரை மணி நேரம் அந்த அறையில் இருந்தால் வாசனை பழகிவிடும், வாயு அங்கேயேதான் இருக்கும்.

இவ்வளவு இருந்தும் ஏன் யாரும் இதை விடவில்லை என்றால், வேலையை அவ்வளவு நன்றாகச் செய்கிறது. 1893இல் பிராங்க்பர்ட்டில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற மருத்துவர் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோலே இறுகிப்போனதைக் கவனித்தார், அங்கிருந்துதான் திசுவை இறுக்க இது பயன்படும் என்ற யோசனை வந்தது. ஆக இது கையைத் தாக்கும் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். புரதங்களுக்கு நடுவே சின்னச் சின்னப் பாலங்களைப் போட்டு, செல்லை இருந்த இடத்தில் இருந்தபடியே பிடித்து வைக்கிறது. அதுதான் அதன் பலம்.

முதல் இரண்டு வாரம் நான் செய்த தவறு, "ஃபார்மலினுக்குப் பதில் எது?" என்று தேடியது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், ஒன்றுகூட எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. பிறகுதான் புரிந்தது, நாங்கள் ஃபார்மலினிடம் இரண்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தோம். புதிதாக எடுத்த திசு அழுகாமல், தன்னைத் தானே செரித்துக்கொள்ளாமல் இறுக்கி நிறுத்துவது ஒரு வேலை. இறுகிய பிறகு வருடக் கணக்கில் பூஞ்சை, பாக்டீரியா வராமல் வைத்திருப்பது இன்னொரு வேலை. முதல் வேலை ஒரு நாள், இரண்டு நாளில் முடிந்துவிடும். 64 ஜாடியில் இருந்த மாதிரிகள் எல்லாம் அந்த வேலை முடிந்து பல வருடம் ஆனவை! அவற்றுக்கு ஃபார்மலினே தேவையில்லை, சும்மா அதில் ஊறிக்கொண்டு, மூடி வழியாக அறைக்குள் கசிந்துகொண்டிருந்தன. சரி, முதலில் ஜாடிகள் என்று முடிவு செய்தேன்.

கண்ணாடி ஜாடிகள் 41. மூளை இருந்த மூன்றைத் தவிர மற்றவற்றை 70 சதவீத எத்தனாலுக்கு, அதாவது ஆல்கஹாலுக்கு மாற்றினோம், உயிரியல் அருங்காட்சியகங்களில் காலம் காலமாக இருக்கும் வழக்கம்தான். 95 சதவீத எத்தனால் 737 மில்லி எடுத்து, நீர் விட்டு ஒரு லிட்டருக்குக் கொண்டுவந்தால் 70 வரும். 263 மில்லி நீர் என்று முன்னாலேயே அளந்து ஊற்றாதீர்கள், இரண்டும் கலக்கும்போது மொத்த அளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் அளவுக் குடுவையில் கோடு வரைக்கும் நீரை விட்டு நிரப்புவதே சரி.

ஜாடியைத் திறந்து ஃபார்மலினைக் கொட்டிவிட்டு நேரே ஆல்கஹாலை ஊற்றுவதுதான் முதலில் செய்யத் தோன்றும். நான் ஒரு சிறுநீரகத்துக்கு அப்படித்தான் செய்தேன், அதுவும் 70 போதுமா என்று பயந்து 95ஐயே ஊற்றிவிட்டேன். சில நிமிடத்தில் திரவம் பால் போல மங்கியது, மறுநாள் அடியில் வெள்ளைப் பொடி. பூஞ்சையோ என்று பயந்துபோய்க் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பார்த்தால் உப்புப் படிகம். ஃபார்மலினை நடுநிலையாக்கச் சேர்த்திருந்த ஃபாஸ்பேட் உப்பு திசுவுக்குள்ளேயும் ஊறியிருந்திருக்கிறது, அது கெட்டியான ஆல்கஹாலில் கரையாது, வெளியே விழுந்துவிட்டது. சிறுநீரகமும் சுருங்கிவிட்டது. பாதியாக வெட்டிய அந்தத் துண்டு 4.2 செ.மீ இருந்தது, 3.8 ஆகி, விளிம்பு உள்ளே மடங்கி நின்றது.

அதற்கப்புறம் ஒழுங்காகச் செய்தோம். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்து ஃபார்மலினைக் கழிவுக் கேனில் வடித்துவிட்டு, குழாய் நீரில் மூன்று நாள், காலையும் மாலையும் நீர் மாற்றினோம். ஒரு முழு ஈரலுக்கு ஆறு நாள் ஆனது. பிறகு 30 சதவீத எத்தனாலில் ஒரு நாள், 50இல் ஒரு நாள், கடைசியாக 70. ஒவ்வொரு படியிலும் திசுவை இறக்கும்போது ஜாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திசுவிலிருந்து கண்ணாடி இழை மாதிரி ஏதோ நெளிந்து நெளிந்து இறங்கும், வெயிலில் தார்ச்சாலை மேல் காற்று நடுங்குமே அதே போல. உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் ஆல்கஹாலும் கலக்கிற இடம் அது. அந்த நெளிவு லேசாக இருந்தால் படி சரியான உயரம் என்று அர்த்தம். வேகமாக, அடர்த்தியாக இறங்கினால் திசு அடி வாங்குகிறது, இடையில் இன்னொரு படி வையுங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணால் பார்த்தே எனக்குக் கிடைத்த நல்ல அளவுகோல் இதுதான்.

70க்கு வந்த ஒரு மாதத்தில் சில ஜாடிகள் மஞ்சளாகிவிட்டன. கொழுப்பும் நிறமியும் ஆல்கஹாலில் கரைந்து வருவதால் அது நடக்கிறது, திசு கெடவில்லை. ஒருமுறை வடித்துப் புதிதாக ஊற்றினால் தெளிந்துவிடும். அப்புறம் லேபிள். பர்மனென்ட் மார்க்கரால் எழுதி ஜாடிக்குள் போட்டிருந்த சீட்டுகள் ஃபார்மலினில் பல வருடம் தாங்கியவை, எத்தனாலில் ஒரே இரவில் ஊதாக் கறையாகிவிட்டன. நல்ல வேளையாக ஜாடி எண்ணை நோட்டில் குறித்திருந்தோம், இல்லாவிட்டால் மூன்று ஈரலில் எது எது என்று சொல்லவே முடிந்திருக்காது. இப்போது தடித்த பருத்தித் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே போடுகிறோம். பென்சில் கரி எதிலும் கரையாது. சீட்டில் "முன்பு ஃபார்மலினில் இருந்தது" என்று கட்டாயம் எழுதுங்கள். எவ்வளவு கழுவினாலும் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கும், பின்னால் யாராவது "வெறும் ஆல்கஹால்தானே" என்று கையுறை இல்லாமல் எடுத்துவிடக் கூடாது.

மீதி 23 ஜாடிகள் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பெட்டிகள். இங்கேதான் பெரிய அடி. கண்ணாடி போலவே இருக்கிறதே என்று இரண்டு அக்ரிலிக் பெட்டிகளில் எத்தனாலை ஊற்றி அலமாரியில் ஏற்றிவிட்டேன். பத்து நாள் கழித்து வெளிச்சத்தில் பார்த்தபோது பெட்டியின் மூலைகளில், பசை போட்டு ஒட்டிய விளிம்பை ஒட்டி, முடி போல மெல்லிய வெள்ளிக் கோடுகள். நகத்தால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை, கோடுகள் பிளாஸ்டிக்கின் உள்ளே இருந்தன. இன்னும் ஒரு வாரத்தில் ஒரு மூலை கசிய ஆரம்பித்தது. ஆல்கஹால் அக்ரிலிக்கை இப்படித்தான் நொறுக்கும், அதுவும் வெட்டிய, வளைத்த, ஒட்டிய இடங்களில் முதலில். எரியக்கூடிய திரவம் இரவு முழுக்க அலமாரியில் சொட்டியிருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அக்ரிலிக் பெட்டிகளுக்கு வேறு வழி பார்த்தோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் கைசர்லிங் என்பவர் உறுப்புகளை நிறம் போகாமல் வைக்க ஒரு முறை கொடுத்தார், அதில் கடைசிப் படி கிளிசரினும் அசிடேட் உப்பும் கலந்த நீர். அதைத்தான் எடுத்துக்கொண்டோம். ஒரு லிட்டருக்கு 100 கிராம் சோடியம் அசிடேட், 300 மில்லி கிளிசரின், மீதி காய்ச்சி வடித்த நீர், பூஞ்சைக்காகச் சிட்டிகை தைமால். தைமால் நீரில் லேசில் கரையாது, துளி எத்தனாலில் கரைத்துவிட்டு ஊற்ற வேண்டும். கிளிசரின் கரைசல் கனமானது என்பதால் திசு முதலில் மிதக்கும். எங்கள் சிறுநீரகத் துண்டு இரண்டு நாள் மிதந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மேல்பக்கம் காய்ந்துவிடாமல் அதே கரைசலில் நனைத்த காஸ் துணியை மேலே போர்த்தி வைத்தோம், மூன்றாம் நாள் தானாகவே அடியில் உட்கார்ந்துவிட்டது. வாசனை இல்லை, தீப்பிடிக்காது, பெட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிறமும் எத்தனாலில் இருப்பதைவிட நன்றாகவே நிற்கிறது. ஆறு மாதத்தில் ஒரே ஒரு பெட்டியில் மேல்மட்டத்தில் பஞ்சு போலப் பூஞ்சை வந்தது, அதன் மூடி சரியாக இல்லை.

ஒன்றை மறக்கக் கூடாது, இந்தக் கரைசல் ஏற்கெனவே இறுகிய திசுவை வைத்திருக்க மட்டும்தான். புதுத் திசுவை இதில் போட்டால் அழுகிவிடும்.

ஜாடி வேலை முடிவதற்குள் நாலு மாதம் போய்விட்டது. அடுத்தது கடினமான பாதி, புதுத் திசுவை ஃபார்மலின் இல்லாமல் இறுக்குவது.

ஒரே எலியின் ஈரல், சிறுநீரகம், சிறுகுடல். ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் தடிமனில் துண்டுகள். ஐந்து குப்பிகள். முதலாவது வழக்கமான நடுநிலை ஃபார்மலின், ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டாவது வெறும் 70 சதவீத எத்தனால். மூன்றாவது அதே எத்தனாலில் அரை சதவீதம் அசிட்டிக் அமிலமும் ஒரு சதவீதம் கிளிசரினும். எத்தனால் திசுவைச் சுருக்கும், அசிட்டிக் அமிலம் உப்ப வைக்கும், ஒன்றை ஒன்று கொஞ்சம் சமன் செய்யும் என்பது பழைய கணக்கு. நான்காவது கிளையாக்சால். ஐந்தாவது 20 சதவீதத் தேன் கரைசல். குப்பியில் திசுவைப் போல இருபது மடங்கு திரவம், 24 மணி நேரம்.

மெழுகில் பதித்து பிளாக் செய்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரானில் வெட்டி, ஹெமடாக்சிலின் ஈயோசின் சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி! இவ்வளவு எளிதா என்று நான் சந்தோஷமாக ஸ்லைடுகளை அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு ஸ்லைடு பார்த்தார், கண்ணை எடுத்தார்.

"தம்பி, மெஷின்ல முதல் ரெண்டு தொட்டியில என்ன இருக்குன்னு பாத்தியா?"

திசுவை மெழுகேற்றும் மெஷினில் முதல் இரண்டு தொட்டி ஃபார்மலின். பெரும்பாலான மெஷின்களில் அப்படித்தான் வைத்திருப்பார்கள், சரியாக ஊறாமல் வந்த திசு அங்கே மிச்ச வேலையை முடித்துக்கொள்ளட்டும் என்று. நான் கவனமாக ஃபார்மலின் இல்லாமல் வைத்த துண்டுகள் எல்லாம் இரவு நாலு மணி நேரம் அதில் குளித்துவிட்டுத்தான் மெழுகுக்குப் போயிருக்கின்றன. முழு ஒப்பீடும் வீண். "ஃபார்மலின் இல்லாத முறை" என்று யாராவது சொன்னால் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான், மெஷினில் எந்தத் தொட்டியிலிருந்து தொடங்கினீர்கள்?

மறுபடி புதுத் திசு, புதுக் குப்பிகள், இந்த முறை மெஷினை நேரே 70 சதவீத எத்தனால் தொட்டியிலிருந்து தொடங்க வைத்தோம். ஆல்கஹாலில் இறுகிய திசுவை நடுவில் நீரில் கழுவவும் கூடாது. ஃபார்மலின் போடும் பாலம் கிட்டத்தட்ட நிரந்தரமானது, ஆனால் ஆல்கஹால் செய்வது நீரை உறிஞ்சிப் புரதத்தைத் திரைய வைப்பது மட்டும்தான், நீரில் போட்டால் திரும்ப ஊறி உப்பிவிடும்.

இப்போது வித்தியாசம் தெரிந்தது. வெறும் எத்தனால் ஈரலில் ஓரத்துச் செல்கள் கெட்டியாக, நெருக்கமாக, நடுவில் தளர்வாக இருந்தன. உட்கரு சுருங்கி, சுற்றி வெள்ளை வளையம். ஈரல் சேமித்து வைக்கும் மாவுப்பொருளான கிளைகோஜனைக் காட்டும் பாஸ் (PAS) சாயம் போட்டபோது ஒரு காட்சி. ஒவ்வொரு செல்லிலும் கிளைகோஜன் ஒரே பக்கமாக ஒதுங்கி, எல்லாச் செல்லிலும் அதே திசையில், காற்றடித்த மணல் சுவரோரம் குவிந்த மாதிரி நின்றது. ஆல்கஹால் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே நுழைந்ததோ அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்த விஷயம், கண்ணால் பார்த்தபோது ரொம்ப நேரம் ஸ்லைடை விட்டு எழ மனம் வரவில்லை. ரத்தக் குழாய்களுக்குள் சிவப்பணுக்களும் இல்லை, வெறும் வெளிறிய கூடுகள்.

அசிட்டிக் அமிலமும் கிளிசரினும் சேர்த்த மூன்றாவது குப்பி நிஜமாகவே நன்றாக வந்தது. உட்கரு தெளிவாக, குடலின் விரல் போன்ற நீட்சிகள் மடங்காமல் நின்றன. கொஞ்சம் சுருக்கம் இருக்கிறது, ஈயோசின் கூடுதலாக ஏறுவதால் சாய நேரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, சிவப்பணுக்கள் இதிலும் இல்லை. ஆனால் சாதாரண அமைப்பைப் பார்க்க, மாணவர்களுக்கு ஸ்லைடு செய்ய இது தாராளமாகப் போதும். டிஎன்ஏ எடுக்கவும் இதே துண்டுதான் மேல். ஃபார்மலினில் டிஎன்ஏ துண்டு துண்டாகி, எழுத்துகள் சிலவும் மாறிவிடும், ஆல்கஹாலில் நீளமாகக் கிடைக்கும். டிஎன்ஏ மட்டும்தான் வேண்டும் என்றால் 95 சதவீத எத்தனாலில் சின்னத் துண்டாகப் போடுங்கள். எரியும் திரவத்தை எடுத்துப்போக முடியாத இடமென்றால் 20 சதவீத டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான், 0.25 மோலார் ஈடிடிஏ, இனிக் கரையாது என்னும் வரைக்கும் உப்பு, பிஎச் 8 என்ற கலவை இருக்கிறது, அறை வெப்பத்திலேயே தாங்கும். டிஎம்எஸ்ஓ தோல் வழியாக உள்ளே போகும், கூட இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும், கையுறையை மறக்காதீர்கள்.

கிளையாக்சால் பற்றி எனக்கு எதிர்பார்ப்பு அதிகம் இருந்தது. இதுவும் ஆல்டிஹைடுதான், ஃபார்மால்டிஹைடைப் போலப் புரதத்தோடு வினை புரியும், ஆனால் கரைசலிலிருந்து ஆவியாகிக் காற்றுக்கு வராது. ஒரு லிட்டருக்குச் சுமார் 715 மில்லி நீர், 200 மில்லி எத்தனால், 40 சதவீதக் கிளையாக்சால் 80 மில்லி, அசிட்டிக் அமிலம் 7 அல்லது 8 மில்லி, பிஎச்சை 4க்கும் 5க்கும் நடுவே கொண்டுவர வேண்டும். பிஎச் விலகினால் முடிவும் விலகும், அளக்காமல் விடாதீர்கள். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது தனக்குள்ளேயே சேர்ந்துகொண்ட கிளையாக்சால், மெல்லச் சூடாக்கினால் கரையும். ஸ்லைடு அழகாக வந்தது, ஃபார்மலினுக்கு நெருங்கிய உருவம், உட்கரு இன்னும் கூர்மை. மறுபடி சிவப்பணு போய்விட்டது, கரைசல் அமிலம் என்பதால்.

ஆனால் "வாசனையே இல்லை, கவலையில்லை" என்று இதை யாரும் சொல்ல விட மாட்டேன். கிளையாக்சாலும் தோல் ஒவ்வாமை உண்டாக்கும் பொருள், மரபணுவைப் பாதிக்கலாம் என்ற சந்தேக வரிசையிலும் இருக்கிறது. அக்காவின் கைக்கு இதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. மூச்சுக்கு வரும் ஆபத்து போய்விட்டது, தோலுக்கு வருவது அப்படியே இருக்கிறது. அதனால் இதை நான் மட்டும், நைட்ரைல் கையுறையோடு, தேவைப்படும் மாதிரிக்கு மட்டும் கலக்குகிறேன்.

தேன்? அதிலும் வெல்லப் பாகிலும் திசுவை இறுக்கிப் பார்த்த ஆய்வுகள் வந்திருக்கின்றன. அமிலத் தன்மையில் பழச் சர்க்கரை உடைந்து ஆல்டிஹைடு உருவாகி வேலை செய்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். எங்கள் துண்டுகள் ஒரு நாளில் பரவாயில்லை என்று இருந்தன, நம்பிக்கையோடு இன்னொரு குப்பியை வைத்துப் பார்த்தோம், நான்காவது நாள் மூடியைத் திறந்தால் புளித்த வாசனையும் நுரையும். நீர்த்த தேன் நுண்ணுயிருக்குச் சாப்பாடு. மெல்லிய துண்டு, ஒரு நாள், உடனே மெழுகு என்றால் சரி. சேமித்து வைக்க முடியாது.

நோய் எதிர்ப்புச் சாயம், அதாவது ஆன்டிபாடி போடும் வேலையில்தான் எங்கள் முயற்சி நின்றது. சூடான கரைசலில் ஸ்லைடைக் கொதிக்க வைக்கும் படி ஒன்று உண்டு, ஃபார்மலின் போட்ட பாலங்களை அவிழ்ப்பதற்காக வந்தது அது. ஆல்கஹால் துண்டில் அவிழ்க்கப் பாலமே இல்லை, கொதிக்க வைத்ததும் திசு ஸ்லைடை விட்டுக் கழன்று மிதந்தது. அந்தப் படியை விட்டுவிட்டுச் செய்தால் ஒரு ஆன்டிபாடி நன்றாக ஒட்டியது, இன்னொன்று ஒட்டவே இல்லை. ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், அதற்கு எங்களிடம் நேரம் இல்லை. அதனால் அந்த மாதிரிகள் ஃபார்மலினிலேயே தொடர்கின்றன. ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். முன்பு அறுக்கும் அறையிலேயே ஃபார்மலினை ஊற்றிக் குப்பியைத் தூக்கிக்கொண்டு வருவோம். இப்போது திசுவைக் காற்றுறிஞ்சிப் பையில் போட்டு மூடி, 4 டிகிரி குளிரில் கொண்டுவந்து, ஃபியூம் ஹூட்டுக்குள் வைத்து மட்டும் திறந்து ஃபார்மலினில் போடுகிறோம். இத்தாலியின் டூரின் நகரில் அறுவை அரங்கிலிருந்து வரும் உறுப்புகளுக்கு இப்படிச் செய்து காட்டியிருக்கிறார்கள். லிட்டர் கணக்கில் தூக்கிச் சுமந்தது நின்றுவிட்டது. குடல் மட்டும் இந்தப் பையில் அமுங்கிவிடுகிறது, அதற்கு மெல்ல உறிஞ்ச வேண்டும்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. 70 சதவீத எத்தனால் சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவி விடும். ஒரு நஞ்சை அகற்றிவிட்டு அந்த இடத்தில் தீயைக் கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்பதை ஒவ்வொரு முறை கேனைத் திறக்கும்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். பெரிய கேன் இரும்பு அலமாரியில், மேசையில் அன்றைய தேவைக்கு மட்டும் சின்னப் புட்டி, பக்கத்தில் ஹாட் பிளேட் கிடையாது, சாதாரண ஃபிரிட்ஜில் வைப்பது கிடையாது, அதன் உள்ளே சுவிட்ச் பொறி வரும். மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டை வாங்கி ஊற்றினால் நஞ்சு திரும்ப வந்துவிடும், புட்டியின் லேபிளைப் படியுங்கள்.

வடித்தெடுத்த பழைய ஃபார்மலின் 90 லிட்டருக்கு மேல் சேர்ந்தது. அதைச் சாக்கடையில் விடவில்லை, மூடி இறுகிய கேன்களில், பெயரும் தேதியும் எழுதி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்தோம். அதில் பிளீச்சையோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ கலந்துவிடக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடைவிட மோசமான புற்றுநோய்ப் பொருள் உருவாக வாய்ப்பு உண்டு.

இன்றைய கணக்கு. 64இல் 38 கண்ணாடி ஜாடிகள் எத்தனாலில், 23 பெட்டிகள் கிளிசரினில், கசிந்ததும் அதில் சேர்த்தி, புதுப் பெட்டி செய்து மாற்றினோம். மூன்று மூளைகள் ஃபார்மலினிலேயே இருக்கின்றன, ஆல்கஹாலில் மூளை சுருங்கி மடிப்புகள் இறுகிவிடும், அந்த மடிப்புகளைக் காட்டத்தானே வைத்திருக்கிறோம். மூன்றும் இப்போது தனி அலமாரியில், காற்றுப்போக்கிக்குக் கீழே. எத்தனால் ஜாடிகளில் மட்டம் இறங்கும், ஆல்கஹால்தான் முதலில் ஆவியாகும் என்பதால் மிச்சம் இருப்பது நீர்த்துப்போகும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹைட்ரோமீட்டரில் ஆல்கஹால் சதவீதத்தைப் பார்த்து 60க்குக் கீழே இருந்தால் முழுவதும் மாற்றுகிறோம். அந்த வேலையை அக்காதான் கேட்டு வாங்கிக்கொண்டார். விரல் இடுக்கு ஆறிவிட்டது, வெடிப்பு இருந்த இடத்தில் தோல் இன்னும் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. மூளை ஜாடிகளின் பக்கம் அவர் போவதில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.